காற்றில் சிந்தும் கரன்ட்டும் என் அண்ணியும்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், பேனாவை அவர்கள் மேலேயே விட்டெறிந்திருப்பேன். நாத்தனார் சொல்லும் அண்ணி கதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். ஏனென்றால் இதில் தப்புச் செய்தவள் நான். வேறு யாராவது எழுதினால் என் மனசு நோகுமே என்று பூசி மெழுகிவிடுவார்கள். எனக்கு அந்தப் பூச்சு வேலை பிடிக்காது.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். மூன்றாவது மாடியில், மாதக்கணக்கில் எழுந்திருக்காமல் படுத்திருப்பவர்களுக்கென்று ஒரு வார்டு இருக்கிறது. இருபத்திரண்டு கட்டில். அதில் படுக்கை விரிப்பது என் வேலை. ஆள் படுத்திருக்கும்போதே அவரை ஒரு பக்கம் புரட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதை நுழைத்து, மறுபக்கம் புரட்டி இழுக்க வேண்டும். சொல்ல எளிது, செய்து பார்த்தால் இடுப்பு கழன்றுவிடும். அண்ணி கீழ்த்தளத்தில் தையல்காரி. சலவைப் பகுதிக்கு அடுத்த அறை அவளுடையது. அந்தப் பக்கத்து ஆவியில் சுவர் எந்நேரமும் வியர்த்துக் கொண்டிருக்கும். இரண்டு தையல் மிஷின், ஒரு நீள மேசை, மேசைக்கடியில் வெட்டித் துணி போடும் பெரிய பெட்டி, அவ்வளவுதான். கிழிந்த விரிப்பை ஒட்டுப் போடுவது, ஓரம் நைந்ததை நடுவில் வெட்டித் திருப்பித் தைப்பது, தேறாததைத் தலையணை உறையாக்குவது, அதற்கும் தேறாத துண்டுகளைச் சேர்த்துக் கைப்பிடித் துணியாக்குவது. ஆஸ்பத்திரிக்குள் வந்த துணி எதுவும் அவளிடமிருந்து லேசில் தப்பித்துப் போக முடியாது.

வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டுக்கிடையில் கவ்விக்கொள்வாள். அதனால் எட்டு மணி நேரம் பேச மாட்டாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. சண்டைக்கு நாம் பத்து வார்த்தை விட்டால் எதிராளி ஒரு வார்த்தையாவது திருப்பித் தர வேண்டாமா? இவள் தர மாட்டாள். பார்த்துக்கொண்டே நிற்பாள். இருபது வருஷமாக நான் தனியாகவே சண்டை போட்டுக் களைத்தவள்.

அவள் பதினேழு வயதில் ஒரு கொட்டகையில் லாரித் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே குழாய் உடைந்துவிட்டதென்று பிளம்பரைக் கூப்பிட்டார்கள். போனது என் அண்ணன். ஒரு மணி நேர வேலை. அதற்கு ஒரு வாரம் போன பிளம்பர் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். கல்யாணமாகி வந்த மறுநாளே இவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புதுப் பெண் ஏதோ பாராட்டப் போகிறாள் என்று நானும் நின்றேன். என் பாவாடையின் இடுப்புத் தையல் கோணல் என்று சொல்லி, கழற்றி வாங்கிப் பிரித்துப் போட்டுவிட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அந்தத் தையல் நானே போட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பகை. திருத்தித் தைத்துக் கொடுத்த பாவாடை கச்சிதமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

போகட்டும். போன வருஷம் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க ஏறிய அண்ணன், ஏணி சறுக்கிக் கீழே விழுந்தான். உயிர் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கை நன்றாக இருந்தது, வாய் அதைவிட நன்றாக இருந்தது. ஆபரேஷன் முடிந்து என் வார்டிலேயே ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தான். என்னைச் சின்ன வயதிலிருந்தே ராங்கி என்றுதான் கூப்பிடுவான். வார்டில் எல்லார் முன்னாலும் அப்படியே கூப்பிட்டான். ஒரே வாரத்தில் இருபத்திரண்டு கட்டிலுக்கும் நான் ராங்கி ஆனேன்.

சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தக் குழாயின் ஓரமாக அவ்வப்போது கசியும். கசிந்தால் அவனுக்குத் தெரியாது. ஈரம் தெரியாது, எரிச்சல் தெரியாது, வலி தெரியாது. இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் வீட்டுக் கசிவையெல்லாம் சுவரைத் தட்டியே கண்டுபிடித்தவன். ஈரத்திலேயே கிடந்து கிடந்து முதுகின் அடியில் படுக்கைப்புண் வந்துவிட்டது. எலுமிச்சம்பழ அளவு. அதை அவன் பார்க்கவும் முடியாது, உணரவும் முடியாது. தன் உடம்பைப் பற்றிய சேதியை அவன் எங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு மாதம் அந்த இடம் காய்ந்தே இருந்தால் புண் மூடிவிடும். மூடினால் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கலாம். உட்காரப் பழகினால் வீட்டுக்குப் போகலாம், உட்கார்ந்தே செய்யும் வேலைகூடப் பார்க்கலாம். மூடாமல் ஆழமாகிக்கொண்டே போனால் எலும்பைத் தொட்டுவிடும். எலும்பைத் தொட்டால் அதற்கப்புறம் எதற்கும் தான் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். அண்ணி அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூப்பிட்டு, வீட்டுக் குளியலறை வாசலை நாற்காலி நுழையும் அகலத்துக்கு இடிக்கச் சொல்லிவிட்டாள். வாசல் தயாராகிவிட்டது. ஆள்தான் வரவில்லை.

நாங்கள் என்ன, பார்க்காமலா இருந்தோம்? மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. இருபத்திரண்டு கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வாந்தி, ஒருவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றால், ஒரு மணி என்பது இரண்டரை ஆகிவிடும். அண்ணி டீ நேரத்தில் மூன்று மாடி ஏறி வந்து விரிப்பின் கீழே கை விட்டுப் பார்ப்பாள். கட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கை போகக் கூடாது. கிருமி சேர்ந்துவிடும் என்று நர்ஸ்களைத் தவிர யாரையும் தொட விடவில்லை, பெண்டாட்டியானாலும் சரி.

ஈரம் பட்டால் கத்தும் கருவி ஒன்று ஏற்கெனவே வாங்கிப் பார்த்திருந்தார்கள். பேட்டரி போட்டது. எங்கள் சலவையில் துணியைக் கொதிக்க வைத்து, அப்புறம் சூட்டு உருளையில் கொடுத்து எடுப்பார்கள். பேட்டரியைக் கழற்ற யாரோ மறந்தார்கள், அது வீங்கி வெடிக்கப் பார்த்தது. அதோடு சரி.

அப்போதுதான் இன்ஜினியர் பெண் வந்தாள். ஒல்லியாக, முதுகில் தன்னைவிடப் பெரிய பையோடு. பேட்டரியே இல்லாத ஒன்றைச் செய்திருப்பதாகச் சொன்னாள். உளுந்து அளவு சில்லு, அதிலிருந்து நீளும் மெல்லிய ஆன்டெனா. சுவரில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி மாட்டுவாளாம். அந்தப் பெட்டி ரேடியோ அலையை வீசிக்கொண்டே இருக்கும். அந்த அலையில் ஒரு சிட்டிகையை ஆன்டெனா பிடித்துச் சில்லுக்குக் கொடுக்கும். அந்தச் சிட்டிகையிலேயே சில்லு விழித்துக்கொண்டு, ஈரமா இல்லையா என்று பார்த்துப் பெட்டிக்குப் பதில் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். நோயாளிக்கு ஆகாதா என்று நான் கேட்டேன். என் பையில் இருக்கும் செல்போன் வீசுவதைவிடக் குறைவுதான் என்றாள். காற்றிலிருந்து கரன்ட் எடுக்கிறாளாம், நாம் பார்க்காத கதையா என்று நான் உதட்டைப் பிதுக்கிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஆன்டெனாவை அவள் மெல்லிய தகட்டில் செய்திருந்தாள். நாலு தடவை துவைத்ததும் தகடு விரிசல் விட்டது. துணியிலேயே தைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். வெள்ளி பூசிய நூல் ஒன்று கையோடு கொண்டு வந்திருந்தாள், கரன்ட் ஓடும் நூல். அண்ணி அதை விரலில் உருட்டிப் பார்த்தாள். மிஷினில் கோர்த்தாள். பத்துத் தையலுக்குள் அறுந்தது. மறுபடி கோர்த்தாள், மறுபடி அறுந்தது. பிறகு மேலே சாதா நூலைப் போட்டு, வெள்ளி நூலைக் கீழே பாபினில் சுற்றினாள். மேல் நூல்தான் ஊசிக் கண்ணில் உரசும், கீழ் நூல் அது பாட்டுக்குச் சும்மா வரும். அறுபடவே இல்லை. இன்ஜினியர் பெண் மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயமாம் அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று அண்ணி அண்ணனிடம் சொன்னாள், அண்ணன் வார்டு முழுக்கச் சொன்னான்.

அந்த அலை விஷயத்தை அண்ணி புரிந்துகொண்ட விதம்தான் எனக்கு ஆச்சரியம். இன்ஜினியர் பெண் படமெல்லாம் போட்டு விளக்கினாளாம். காற்றில் எப்போதும் எத்தனையோ அலைகள் போய்க்கொண்டிருக்கின்றன, அதில் பெரும்பங்கு யார் கைக்கும் வராமல் வீணாகப் போகிறது, அதில் துளிதான் நமக்கு வேண்டும் என்றாளாம். அண்ணி வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துவிட்டு மேசைக்கடியில் இருந்த பெட்டியைக் காட்டினாளாம்.

"சிந்தினதைப் பொறுக்கித் தைக்கிறதுதானே? அது எனக்குத் தெரியும்."

அதிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஈரம் பார்ப்பதற்கு இரண்டு வரிசைத் தையல், ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில். நனைந்தால் இரண்டுக்கும் நடுவே கரன்ட் ஓடும், சில்லுக்குத் தெரிந்துவிடும். சில்லைப் பசையில் முக்கிப் பொத்தான் போல ஆக்கினார்கள். காலிக் கட்டிலில் விரித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார்கள், பெட்டி கூவியது. எல்லாரும் கை தட்டினோம். அண்ணனைத் தூக்கி அதன்மேல் படுக்க வைத்ததும் பெட்டி வாயே திறக்கவில்லை. மனுஷ உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அது அலையை முழுங்கிவிடும் என்று இன்ஜினியர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நானே ஒரு தண்ணித் தொட்டின்னு சொல்றீங்க. இதுக்கா நான் அவ்வளவு உயரம் ஏறினேன்?" என்றான் அண்ணன்.

அண்ணி இரண்டு நாள் யோசித்தாள். ஈரம் பார்க்கும் தையல் உடம்புக்கு அடியில் இருக்கட்டும், ஆன்டெனா ஏன் அங்கே இருக்க வேண்டும்? விரிப்பின் ஓரத்தில், கட்டிலுக்கு வெளியே தொங்கும் இடத்தில் ஆன்டெனாவையும் சில்லையும் வைத்து, உள்ளேயிருந்து அதுவரைக்கும் இரண்டு கோடு தையல் இழுத்துவிட்டாள். வேலை செய்தது. இன்ஜினியர் பெண் மூன்று நாள் வார்டிலேயே இருந்து, தானே விரிப்பை மாற்றி, தானே எழுதிக்கொண்டாள். மூன்று நாளும் கசிந்த நிமிஷத்திலேயே பெட்டி கூவியது, நாங்கள் ஓடினோம், மாற்றினோம். அவள் படுக்கை போடும் லட்சணத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் நாலு பக்கமும் தொங்கும். ஹாஸ்டல் படுக்கை மாதிரி.

எங்கள் வார்டில் படுக்கை அப்படி இருக்கக் கூடாது. தலைமை நர்ஸ் முப்பது வருஷமாகக் காத்துவரும் சட்டம் அது. விரிப்பை முறுக்கி இழுத்து, நாலு மூலையும் உறை மாதிரி மடித்து, ஓரத்தை மெத்தைக்கடியில் ஒரு முழம் சொருக வேண்டும். அவர் தன் பேனாவைப் படுக்கையில் உருட்டுவார். எங்கேயாவது தடுக்கி நின்றால் திரும்பப் போட வேண்டும். வீம்புக்குச் செய்வதில்லை அது. சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கமே தோலை அறுத்துப் புண்ணாக்கும். என் படுக்கையில் அவர் பேனா ஒரு தடவைகூட நின்றதில்லை. அந்த வார்டில் எனக்கிருந்த ஒரே பெருமை அது.

நாலாம் நாள் இன்ஜினியர் பெண் வேறு வேலையாகக் கிளம்பினாள். பெட்டி கூவினால் என்ன செய்வது, பெட்டியில் மினுக்கும் நீல விளக்கு எதற்கு என்றெல்லாம் சொன்னாள். ஒன்பதாம் கட்டிலின் விரிப்பு பதில் சொல்லும்போதெல்லாம் அந்த விளக்கு மினுக்குமாம். நான் சரி சரி என்று தலையாட்டினேன். காதில் பாதிகூட வாங்கவில்லை.

அதன்பிறகு ஐந்து நாள் பெட்டி கூவவே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் கசிவே நின்றுவிட்டது பார் என்று அண்ணனிடம் அளந்தேன். பெட்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் மணிக்கொரு தடவை பார்ப்பதும் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆகிவிட்டது. மாற்றும்போது ஈரமாக இருந்தால், இப்போதுதான் கசிந்திருக்கும், பெட்டி கூவுவதற்குள் நான் முந்திக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். புண் பெரிதாகியிருந்தது. ஓரம் கறுத்து, நடுவில் குழி. டாக்டர் கையுறையைக் கழற்றினார். இன்னும் கொஞ்சம் போனால் எலும்பு என்று வெளியே வந்து சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்து, எப்படி இருக்கு என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். வாய் ஓயாதவன் அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமை நர்ஸ் போனில் இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் நூல் அறுந்திருக்குமோ என்றாளாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன்.

"உங்க தையலை நம்பி எங்கண்ணன் முதுகு போச்சு. ஊர்ல எல்லார் தையலையும் பிரிப்பீங்களே, இதைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

இன்னும் நிறையச் சொன்னேன். எழுதக் கூசுகிறது. அண்ணி வழக்கம்போல் பார்த்துக்கொண்டே நின்றாள். உதட்டில் குண்டூசி. கண்ணில் மட்டும் தண்ணீர் நிரம்பி வழியாமல் நின்றது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, கதவை அறைந்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனால் காலை எட்டு மணிக்கே வார்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கழற்றப்போகும் விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். வெள்ளி நூல் ஒரு இடத்திலும் அறுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. நானும் முறைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். துவைத்து வந்த இன்னொரு தையல் விரிப்பை எடுத்து ஒன்பதாம் கட்டிலுக்கு மாற்ற ஆரம்பித்தேன். அண்ணனைப் புரட்டி, நுழைத்து, இழுத்து, மூலை மடித்து, சொருகி நிமிர்ந்தேன். பேனா இல்லாமலே தெரிந்தது, அப்படி ஒரு படுக்கை.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, நான் சொருகிய ஓரத்தை வெளியே உருவினாள். எனக்குச் சுர்ரென்றது.

"இன்னொரு தடவை போடு" என்றாள். "மெதுவா."

மாமியார் வேலை பார்க்கிறாளோ என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை அவள் பார்வை போன இடத்தில் என் கண்ணும் போனது. பெட்டியில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலை மடித்தேன், மினுக்கியது. இரண்டாவது மூலை மடித்தேன், மினுக்கியது. ஓரத்தை மெத்தைக்கடியில் சொருகினேன். நின்றுவிட்டது.

என் கை அப்படியே மெத்தைக்கடியில் இருந்தது. மெத்தைக்குக் கீழே இரும்புக் கட்டில். அண்ணி வெளியே தொங்க வேண்டும் என்று யோசித்து யோசித்து வைத்த ஆன்டெனாவை, ஐந்து நாளும் நான் இழுத்து மடித்து, மெத்தைக்கும் இரும்புக்கும் நடுவில் கொண்டுபோய் நசுக்கி வைத்திருக்கிறேன். அலை அங்கே எப்படிப் போகும்? சில்லு விழிக்கவே இல்லை. விழிக்காதது எப்படிப் பதில் சொல்லும்? பெட்டி கூவாமல் இருந்தது காய்ந்திருந்ததால் இல்லை. அண்ணனுக்குச் சுருக்கம் உறுத்தக் கூடாதென்று மற்ற கட்டில்களைவிட அவன் கட்டிலைத்தான் நான் இன்னும் இறுக்கிச் சொருகினேன்.

அண்ணி நீதான் என்று விரல் நீட்டவில்லை. ஓரத்தைத் திரும்ப உருவித் தொங்கவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். தையல் அறையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டதாகச் சலவைக்காரர் பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை காலை டாக்டர், தலைமை நர்ஸ், இன்ஜினியர் பெண் மூவரும் ஒன்பதாம் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பெண் அழுதுவிடுவாள் போல இருந்தாள், பெட்டியைக் கழற்ற ஏணி கேட்டாள். அண்ணி சுவரோரம் கையில் ஏதோ துணியை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"தையல்ல தப்பில்ல சிஸ்டர். மிஷின்லயும் தப்பில்ல. நான் சொருகிட்டேன்" என்றேன்.

எல்லாம் சொன்னேன். விளக்கைப் பற்றிச் சொன்னதைக் கேட்காமல் தலையாட்டியதையும், பெட்டியை நம்பிப் பார்ப்பதைக் குறைத்ததையும் சேர்த்தே சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜினியர் பெண் உதட்டைக் கடித்தபடி, பதில் வராவிட்டால் சும்மா இருக்கும் பெட்டியைச் செய்தது தன் தப்புத்தான், பதில் வராவிட்டால்தான் முதலில் கத்தியிருக்க வேண்டும் என்றாள். அன்று மத்தியானமே அதை மாற்றியும் கொடுத்தாள்.

அண்ணி கையிலிருந்ததைப் பிரித்தாள். புது விரிப்பு. ஆனால் ஆன்டெனா ஓரத்தில் இல்லை. சொருகும் மடிப்புக்கு மேலேயே, மெத்தையின் பக்கவாட்டில், ஒரு தனித் துணி வால் போல வெளியே தொங்கியது. கட்டில் இரும்பிலிருந்து தள்ளி நிற்க, அந்த வாலின் முதுகில் விரல் கனத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். நிறம் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. சாலை வேலைக்காரர்கள் போடும் சட்டைத் துணி. அந்த வாலைப் பார்த்தும் ஒருத்தி மெத்தைக்கடியில் சொருகினாள் என்றால் அவளுக்குக் கண்ணே இல்லை என்று அர்த்தம். எனக்காகத்தான் அந்த நிறம்.

தலைமை நர்ஸ் முகம் சுளித்தார். வார்டில் இப்படி ஒன்று தொங்குவதா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள், படுக்கை என்றால் படுக்கை மாதிரி இருக்க வேண்டாமா என்றார். அப்போதுதான் அண்ணி பேசினாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருபத்திரண்டு கட்டிலும் அழகாத்தான் இருந்துச்சு சிஸ்டர். அந்த அழகுக்கடியில இவர் முதுகு அழுகிட்டிருந்துச்சு. அசிங்கமா ஒண்ணு தொங்கட்டும். நான் இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

குரல் உயரவில்லை. தலைமை நர்ஸ் வாலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, என்னைப் படுக்கை போடச் சொல்லி, உருட்டினார். தடுக்காமல் ஓடியது. ஒரு கட்டிலுக்கு மட்டும் என்றார். வேலை எனக்குப் போகவில்லை. ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை, அது நியாயந்தான்.

அதற்கப்புறம் பெட்டி கூவாத நாளே இல்லை. யாரையாவது குளிப்பாட்டும்போது கூவும், நான் சோற்றில் கை வைக்கும்போது கூவும். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓடினேன். மூன்றாவது வாரம் டாக்டர் புண்ணின் ஓரம் சிவந்திருக்கிறது, நல்ல சிவப்பு என்றார். ஐந்தாவது வாரம் குழி மேலே ஏறிவிட்டது. அதற்குள் பதினொன்றாம் கட்டில்காரரின் மகள் வந்து எங்கள் அப்பாவுக்கு அந்த வால் கிடையாதா என்று கேட்டாள். தலைமை நர்ஸே அண்ணியிடம் இன்னும் ஆறு தைக்கச் சொன்னார். நிறத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று மட்டும் கேட்டுப் பார்த்தார். அண்ணி தலையை ஆட்டிவிட்டு அதே ஆரஞ்சிலேயே தைத்தாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்கிறீர்களா? கேட்டேன். கீழ்த்தளத்துக்குப் போய் நின்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்து, தையல் விட்டிருக்கிறது, கழற்றிக் கொடு என்றாள். கொடுத்தேன்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு இரண்டு வாரம் தள்ளி, ஒரு வெள்ளிக்கிழமை காலை கட்டைப் பிரித்தவர் புதிதாகக் கட்டவில்லை. மூடிவிட்டது என்றார். அவன் முதுகில் இளஞ்சிவப்பாக, மெல்லியதாக ஒரு தோல். இனி உட்கார வைக்கலாம், முதல் நாள் பத்து நிமிஷம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். வார்டில் வண்டி தள்ளுகிறவர் சக்கர நாற்காலி கொண்டுவரப் போனார். அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தேன். மூன்று மாடி ஓடி வந்து மூச்சு வாங்க நின்றாள். அண்ணன் ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

இனிமேல் தொடலாமா என்று நர்ஸிடம் கேட்டாள். கை கழுவிவிட்டுத் தொடலாம் என்றார் நர்ஸ். அண்ணி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். வந்து, அந்தப் புதுத் தோல் மேல் உள்ளங்கையை மெல்ல வைத்தாள். பதினோரு மாதத்தில் அந்த இடத்தை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை.

அவனுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் முகம் தெரியாத பக்கம் திரும்பியிருந்தான்.

"என்ன பண்றே அங்க?"

"தொட்டுப் பாக்கறேன்."

"எப்படி இருக்கு?"

"காஞ்சிருக்கு" என்றாள். பிறகு, "சூடா இருக்கு" என்றாள்.

கையை எடுக்கப் போனாள். தள்ளுகிறவர் நாற்காலியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"எடுக்காதே" என்றான் அண்ணன். "எனக்குத் தெரியாதுதான். இருந்தாலும் வச்சிரு."

நான் வாசலுக்குப் போய், தள்ளுகிறவரைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னேன்.